ஐந்து நிமிடப் படம்

சினிமா பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் சினிமா எடுப்பது பெரிய ஆட்களின் வேலை என்று நினைக்கிறோம். அதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டும் என்றும் நினைக்கிறோம்.

உலகில் முதன்முதலாக எடுத்த படங்களில் ஒன்று எது தெரியுமா? அதை 1895-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் லூமியேர் சகோதரர்கள் எடுத்தார்கள். ஒரு தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் படம். அது ஒரு நிமிடம்கூட ஓடாது. அதில் ராஜா இல்லை, ராணி இல்லை. உழைப்பவர்களே இருந்தார்கள்.

இன்று பல வீடுகளில் கைபேசி இருக்கிறது. அதில் கேமராவும் இருக்கிறது. எனவே மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு படம் எடுக்க முடியும். கேமரா மட்டும் இருந்தால் போதாது. திட்டம் வேண்டும். திட்டம் போடுவது எப்படி? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எந்த ஊர்? என்ன கதை?

கர்நாடகத்தில் கோலார் தங்க வயல் இருக்கிறது. அங்கே உள்ள ஊர் ராபர்ட்சன்பேட்டை. அந்த ஊரில் ஒரே வகுப்பில் படிக்கும் ஐந்து பேர் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

"நம்ம தங்க வயலோட கதையை எடுக்கலாம்" என்கிறார் ஒருவர். எல்லோரும் சரி என்கிறார்கள். பிறகு எழுதிப் பார்க்கிறார்கள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்க வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஏழை மக்கள் வேலை தேடி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. பிறகு சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியுமா? முடியாது. 120 ஆண்டுக் கதை ஐந்து நிமிடத்துக்குள் அடங்காது.

தங்க வயலைப் பற்றிப் பெரிய படங்களும் வந்திருக்கின்றன. 2018-இல் 'கே.ஜி.எஃப்' வந்தது. 2024-இல் 'தங்கலான்' வந்தது. அவர்களிடம் பெரிய நடிகர்கள் இருந்தார்கள். பெரிய அரங்கம் போட்டார்கள். அவர்கள் சொன்னது கற்பனை சேர்ந்த கதை. அதைப் போலவே நாமும் எடுக்க வேண்டியது இல்லை. நம்மிடம் இருப்பது வேறு. சுரங்கத்தில் இறங்கிய தாத்தா நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

2001-இல் 40 வயதாக இருந்தவர் இன்று 60 வயதைத் தாண்டிவிட்டார். அவரைவிட மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சை இன்று பதிவு செய்யாவிட்டால், நாளை யாரிடம் கேட்பது?

ஒரே ஒரு வரி

முதலில் கதையை ஒரே வரியில் எழுத வேண்டும். ஒரு வரியில் எழுத முடியாவிட்டால், கதை இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

சுரங்கம் மூடிய பிறகு ஊரில் வேலை குறைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை வழியாகப் போகிறது. விடியும் முன்பே போகிறவர்கள் இரவில்தான் திரும்புகிறார்கள்.

ஐந்து பேரும் பேசி இந்த ஒரு வரியை எழுதுகிறார்கள்:

"தாத்தா பிழைப்புக்காகப் பூமிக்குள் இறங்கினார், பேரன் பிழைப்புக்காகப் பெங்களூர் போகிறான்."

இது ஒரு வீட்டுக் கதை. ஆனால் ஊர்க் கதையும் இதற்குள் இருக்கிறது.

யாருக்கு என்ன வேலை?

எல்லோரும் எல்லா வேலையையும் செய்தால் குழப்பம் வரும். எனவே வேலையைப் பிரிக்க வேண்டும்.

ஒருவர் இயக்குநர். எந்தக் காட்சி எப்படி வர வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். ஒருவர் கேமரா பிடிப்பார். ஒருவர் ஒலியைக் கவனிப்பார். ஒருவர் எழுதுவார், கணக்கும் வைப்பார். ஒருவர் அனுமதி வாங்குவார். சாப்பாடு, வண்டி ஏற்பாடு செய்வார். கடைசியில் படத்தை வெட்டி ஒட்டும் வேலையை இருவர் சேர்ந்து செய்யலாம்.

பெண் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வேலை, ஆண் பிள்ளைகளுக்குக் கேமரா வேலை என்று பிரிக்கக் கூடாது. யாருக்கு எதில் ஆர்வமோ, அதைக் கொடுக்க வேண்டும்.

திட்டம் போடும்போது எல்லோரும் பேசலாம், சண்டையும் போடலாம். படம் எடுக்கும் நாளில் இயக்குநர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

அனுபவம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வந்தது. அவருக்கு அதுதான் முதல் படம். கேமரா பிடித்த சுப்ரதா மித்ராவுக்கும் அதுதான் முதல் படம். படம் தொடங்கியபோது அவருக்கு வயது 21. ராய் காட்சிகளை முதலில் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டார்.

காட்சிப் பட்டியல்

நாமும் காகிதத்தில் தொடங்குவோம். ஐந்து நிமிடம் என்றால் 300 விநாடி. அதை இப்படிப் பிரிக்கலாம்:

1. விடியும் முன். லைன் வீட்டில் விளக்கு எரிகிறது. பேரன் எழுகிறான். – 40 விநாடி
2. அம்மா சாப்பாட்டு டப்பா கட்டுகிறார். தாத்தா டீ குடிக்கிறார். – 30 விநாடி
3. பேரன் ரயில் நிலையத்தில் ரயில் ஏறுகிறான். – 40 விநாடி
4. தாத்தா பேசுகிறார். – 100 விநாடி
5. சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். சயனைடு மேடு. – 30 விநாடி
6. இரவு. பேரன் வீடு திரும்புகிறான். தாத்தா விழித்திருக்கிறார். – 40 விநாடி
7. தொடக்கத்திலும் முடிவிலும் எழுத்துகள். – 20 விநாடி

கூட்டிப் பாருங்கள். 300 வருகிறதா?

இப்போது ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எங்கே? எப்போது? யார் வேண்டும்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மூன்றாவது காட்சியில் சிக்கல் வருகிறது. ரயில் நிலையத்தில் படம் எடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். அதற்கு நாளாகும். என்ன செய்யலாம்? காட்சியை மாற்றலாம். பேரன் டப்பாவுடன் இருட்டில் தெருவில் நடக்கிறான். ரயிலின் ஊதல் மட்டும் தூரத்தில் கேட்கிறது. இதுவும் அதே செய்தியைச் சொல்கிறது.

ஐந்தாவது காட்சியிலும் சிக்கல் உண்டு. தங்கம் எடுக்கப் பாறையை மாவாக அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி அது மலை போல ஆனது. காற்று அடித்தால் அந்தத் தூள் பறக்கும். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். மழை அரித்த பள்ளங்களும் உண்டு. பழைய சுரங்கக் குழிகளும் ஆபத்தானவை. அனுமதி இல்லாமல் அங்கே நுழையக் கூடாது. எனவே மேட்டின் மேல் ஏற வேண்டாம். பொதுச் சாலையில் நின்று தூரத்திலிருந்து எடுத்தால் போதும். எந்தப் படமும் ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரியது இல்லை.

இரண்டு சிக்கலும் காகிதத்திலேயே தீர்ந்துவிட்டன. காகிதத்தில் அழித்து எழுதச் செலவு இல்லை. படம் எடுக்கும் நாளில் மாற்றினால் பணமும் போகும், நாளும் போகும். திட்டம் போடுவது இதற்காகத்தான்.

வரவு செலவு

எழுதுபவர் செலவுக் கணக்கைப் போடுகிறார்:

சட்டையில் குத்தும் மைக் – 500 ரூபாய்
ஐந்து பேருக்கு இரண்டு நாள் டிபன், டீ – 600 ரூபாய்
ஆட்டோ – 300 ரூபாய்
மெமரி கார்டு – 400 ரூபாய்
ஜெராக்ஸ் – 50 ரூபாய்
எதிர்பாராத செலவு – 150 ரூபாய்

மொத்தம் 2000 ரூபாய். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 400 ரூபாய். இது ஒரு மாதிரிக் கணக்குதான். விலை ஊருக்கு ஊர் மாறும்.

ஒருவரால் 400 ரூபாய் தர முடியாவிட்டால்? முடிந்ததைத் தரட்டும். பணம் இல்லை என்பதற்காக யாரையும் குழுவிலிருந்து நீக்கக் கூடாது. மைக்கை இரவல் வாங்கினால் 500 ரூபாய் குறையும். ஊர் மக்களிடமும் கேட்கலாம். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற குழுவினரும் மக்களிடம் நிதி திரட்டியே ஒரு முழுப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் 'அம்ம அறியான்'. அது 1986-இல் வந்தது. வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் நட்பும் சரியாக இருக்கும்.

தாத்தாவிடம் கேட்பது எப்படி?

நான்காவது காட்சிதான் படத்தின் உயிர். அதற்கு முதல் நாளே தாத்தாவிடம் போக வேண்டும். கேமராவை வெளியே எடுக்கக் கூடாது.

"தாத்தா, நீங்க சுரங்கத்துல வேலை செஞ்சதைப் பத்திப் பேசணும். படம் பிடிச்சுக்கலாமா?"

"எதுக்குப்பா?"

"நாங்க ஒரு சின்னப் படம் எடுக்கறோம் தாத்தா. பள்ளிக்கூடத்துல போட்டுக் காட்டுவோம். முதல்ல உங்களுக்குத்தான் காட்டுவோம்."

"சரி, கேளு. ஆனா ஏர் பிளாஸ்ட்டுல செத்தவன் பேரை மட்டும் போடாதே. அவன் வீட்டுக்காரி இன்னும் இருக்கா. அவ மனசு தாங்காது."

"சரிங்க தாத்தா. போட மாட்டோம்."

ஏர் பிளாஸ்ட் என்பது ஆழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறுவது. அதில் பலர் இறந்தார்கள். பாறைத் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களும் உண்டு. சுரங்கம் மூடியபோது வேலை இழந்த துயரமும் உண்டு. இவை ஆறாத புண்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் பக்குவமாகக் கேட்க வேண்டும். அவர் "இதைப் போடாதே" என்றால் போடக் கூடாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

கேள்விகளை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். "சுரங்கம் சூடாக இருந்ததா?" என்று கேட்டால், "ஆமாம்" என்பார். பேச்சு அதோடு முடியும். "கூண்டில் முதன்முதலாக இறங்கிய நாளில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவர் கதை சொல்லத் தொடங்குவார். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் மௌனமானால் நீங்களும் காத்திருங்கள். அரை மணி நேரம் பேசுவதில் 100 விநாடியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். முழுப் பேச்சையும் அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். அது குடும்பத்தின் சொத்து.

தாத்தா வீட்டுத் தமிழிலேயே பேசட்டும். கன்னடம் படிப்பவர்களுக்காகக் கீழே கன்னடத்தில் எழுத்துப் போடலாம்.

படம் எடுக்கும் நாள்

இவற்றை மறக்காதீர்கள்:

கைபேசியில் முழு சார்ஜ் இருக்கட்டும்.
கைபேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள்.
வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழட்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம்.
மின்விசிறியையும் டி.வி.யையும் நிறுத்துங்கள். சத்தம் பேச்சைக் கெடுக்கும்.
முதலில் பத்து விநாடி எடுத்துப் போட்டுப் பாருங்கள்.
எடுத்த காட்சியைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வாருங்கள்.
அன்றே எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

முதலில் யாருக்குக் காட்டுவது?

படம் முடிந்ததும் முதலில் தாத்தாவுக்குக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகே மற்றவர்களுக்குக் காட்டலாம். பிறகு லைனில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிக்கூடக் காட்டலாம். "எங்க வீட்டிலும் ஒரு கதை இருக்கு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லக்கூடும். அடுத்த படம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் பெற்றோராக இருக்கலாம். பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தடுக்காதீர்கள். அவர்கள் நோட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த கேள்வி ஒன்றை உங்கள் கையால் அதில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

விடை கூறுங்கள்

1. கோலார் தங்கச் சுரங்கம் எந்த ஆண்டில் மூடப்பட்டது?
2. மூன்றாவது காட்சியை ஏன் மாற்றினார்கள்?
3. மைக்கை இரவல் வாங்கினால் மொத்தச் செலவு எவ்வளவு? தலைக்கு எவ்வளவு?
4. தாத்தா ஒரு பெயரைப் போட வேண்டாம் என்றார். ஏன்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் மூடிப்போன ஆலை, வற்றிய ஏரி, மறைந்துபோன தொழில் எது? அதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதைத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்க ஐந்து கேள்விகளை எழுதுங்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.