தீபாவளி சாக்லேட்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

தீபாவளிக்குச் சாக்லேட் பெட்டி வாங்கும்போது முன்பக்கத்து ஜிகினாவில் மயங்காமல், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சிடுவார்கள். முதல் பெயரே சர்க்கரை என்றால் அது வெறும் மிட்டாய்தான். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருந்தால், அது காம்பவுண்ட் சாக்லேட். விலை மலிவு, வாயில் மெழுகு போல ஒட்டும்.

70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டில் சர்க்கரை குறைவு. கசப்பதால் இரண்டு துண்டோடு கை நின்றுவிடும். கலோரி மட்டும் குறையாது! ‘சுகர் ஃப்ரீ’ வகையில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அளவோடு சாப்பிடுங்கள். மீறினால் வயிறு பொருமும்.

வீட்டில் செய்ய, உருக்கிய டார்க் சாக்லேட்டில் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை முக்கியெடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருக்கும்போது சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கட்டிதட்டிவிடும்.