ஓலையும் இலையும்

விழுப்புரத்தினின்று திண்டிவனம் செல்லும் வழியில் பனைகள் பல நிற்கக் காணலாம். அவற்றின் ஓலையை 'இலை' என்று எழுதும் மாணவர் உளர். அது மரபன்று. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பகுக்கும். அம்முறையில் வானளாவிய பனையும் புல்லேயாம்! பனையைப் பிளக்கும் தச்சரைக் கேட்பின் இதன் உண்மை விளங்கும். உள்ளிருக்கும் மென்சோற்றை நீக்கி, புறத்து வயிரத்தையே அவர் கைமரமாக்குவர். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு என்பன புல்லின் உறுப்புகள். இலையும் தளிரும் மரத்திற்கு உரியன.

ஸ்பானிய மொழி பயிலும் தமிழ் மாணவன் வேறோரிடத்தில் இடறுவான். அங்கு நீரில் நீந்தும் மீன் 'பெஸ்'; பிடிபட்டு உணவாகும் மீன் 'பெஸ்காதோ'. மாந்தர் கால் 'பியெர்னா'. விலங்கின் கால் 'பாத்தா'. ஆயினும், மாவிலைக்கும் பனையோலைக்கும் 'ஓஹா' என்னும் சொல்லே அங்குப் பொதுவாக வழங்கும்.