விளம்பரத்தில் காணி, பதிவேட்டில் காணி

இடம்பெயர்ந்து வந்து கலஹாப் பக்கம் பத்துப் பேர்ச் காணி தேடும் நாம், இன்று முதலில் பார்ப்பது கைப்பேசியில் வரும் இக்மன் விளம்பரத்தைத்தான். அமெரிக்காவில் வீட்டு முகவர்கள் தமக்குள் ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வீடு விலைப்பட்டால் உடனுக்குடன் அதைத் திருத்தவேண்டும், தவறினால் தண்டம். பொதுமக்கள் பார்க்கும் சில்லோ போன்ற தளங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே விபரம் எடுக்கின்றன.

எல்லாத் தரகரும் கட்டுப்படும் பட்டியல் நமக்கில்லை. தரகருக்குத் தரகர் ஒரு கொப்பி. ஒரே காணி மூன்று விலையில் வரும். விற்றுப்போனதும் படத்தோடு கிடக்கும். எந்தப் பட்டியலானாலும் சொந்தக்காரர் யாரென்று அது உறுதி சொல்லாது.

அதற்குக் கண்டி காணிப் பதிவகத்துக்கே போகவேண்டும். முற்பணம் கொடுக்குமுன் தரகரிடம் உறுதியின் பிரதியைக் கேட்போம். அதிலுள்ள பதிவு இலக்கத்தை வைத்து காணிப் பதிவேட்டைத் தேடினால், பதியப்பட்ட ஈடும் முந்திய விற்பனையும் தெரியவரும். பிரதி தரத் தயங்குபவரிடம் நமக்கு வேலையில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்தக் காணியைத் துண்டுபோட்டு விற்கத் தனியாளுக்கு உரிமை கிடையாது.

மண்சரிவு அபாயமும் விளம்பரத்தில் வராது. அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டறியவேண்டும்.