ஹம்பியில் ஒரு நாள்: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

விஜயநகரத் தலைநகரைச் சுற்ற ஒரு நாள் போதாது. ஆனால் பலருக்கு ஒரு நாள்தான் கிடைக்கிறது. அந்த நாள் உருப்பட, சிலவற்றை விட்டுவிடத் துணிய வேண்டும். துங்கபத்திரையின் வடகரையிலுள்ள ஆனெகுந்தியையும் அஞ்சனாத்ரி மலையையும் இந்த முறை சேர்க்காதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் பாறைகள் தகிக்கும். வெள்ளிக்கிழமை வேண்டாம், கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

முந்தைய இரவு ஹொசபேட்டேயில் தங்கி, ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். காலையில் 13 கி.மீ. பயணம். முதலில் விருபாட்சர் கோயில். இன்றும் பூசை நடக்கிறது. பின்பக்க இருட்டறைச் சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுவதைக் காட்டச் சொல்லுங்கள்.

அங்கிருந்து விட்டலர் கோயிலுக்கு நடந்தே போங்கள். துங்கபத்திரை ஓரமாகச் சுமார் 2 கி.மீ.தான். கோதண்டராமர் கோயில், மண்டபங்கள், உருண்டைப் பாறைகள் என ஹம்பியின் மிக அழகான வழி இதுதான். ஆட்டோவைக் கமலாபுரம் சுற்றுவழியில் வந்து அந்தப் பக்கம் காத்திருக்கச் சொல்லிவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

விட்டலர் கோயிலின் கல்தேர் ஒரே கல்லில் செதுக்கியதல்ல. துண்டுகளை இணைப்புத் தெரியாமல் அடுக்கிய கருடன் சந்நிதி அது. இசைத்தூண்களைத் தட்டாதீர்கள், தட்டித் தட்டியே தேய்ந்திருக்கின்றன. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள யாளித் தூண்கள் பழகிய முகமாகத் தெரியும். நுழைவுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், தாமரை மகாலுக்கும் அன்று அதுவே செல்லும்.

உச்சிவெயிலைக் கமலாபுரத்தில் கழியுங்கள். சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்திலுள்ள நகர மாதிரியைப் பாருங்கள். பிற்பகல் பார்க்கப்போகும் இடங்கள் அதன்பின் மனத்தில் பொருந்தும்.

தாமரை மகாலையும் பதினொரு கூடங்கள் கொண்ட யானைக் கொட்டிலையும் வேகமாகப் பார்த்து முடிக்கலாம். நேரத்தை அரச வளாகத்துக்குக் கொடுங்கள். ஹஜாரராமர் கோயிலில் வெளி மதிலை முதலில் வலம் வாருங்கள். யானை, குதிரை, படைவீரர், ஆடும் பெண்கள் என ஒரு திருவிழாவே வரிசை வரிசையாக நகர்கிறது. அந்த விழாவை அரசர் பார்த்த மேடைதான் மகாநவமி திப்பா. 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். மேடைமீது ஏறினால் சுற்றிலும் அடித்தளங்கள் மட்டுமே தெரியும். மேற்கட்டுமானம் மரம், 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் சூறையாடப்பட்டபோது எரிந்துபோனது. அருகே 1980களில் தோண்டியெடுத்த படிக்குளத்தை அவசரமில்லாமல் பாருங்கள். எந்தக் கல் எந்தத் திசையில், எந்த வரிசையில் என்று சிற்பிகள் பொறித்த குறிகள் கற்களில் இன்னும் இருக்கின்றன. எனக்கு ஹம்பியிலேயே மிக நெருக்கமான இடம் இது.

திரும்பும் வழியில், 1528இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே பாறையில் வடித்த 6.7 மீட்டர் நரசிம்மர். பிறகு ஹேமகூடக் குன்று. சூரியன் மறையும்வரை இருக்கலாம். பாறைச்சரிவில் விளக்கு கிடையாது, கண் தெரியும்போதே இறங்கிவிடுங்கள். ஆட்டோவை விருபாட்சர் கோயில் பக்கமே நிற்கச் சொல்லுங்கள்.