கரியாலூர் மிதிபடகும் காங்கேசன்துறைக் கப்பலும்

கல்வராயன் மலையில் கரியாலூர் ஏரியில் மிதிபடகு ஓட்டியதுதான் கள்ளக்குறிச்சிக்காரர்கள் பலருக்கும் படகு அனுபவம். அதே நினைப்பில் நாகப்பட்டினத்தில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ஏறினால் ஏமாந்துதான் போவோம். நான் போய்வந்ததைக் கேட்டுவிட்டு டிக்கெட் விசாரிக்கிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: இது ஆளை ஏற்றி அக்கரையில் இறக்கும் கப்பல், சுற்றிக் காட்டுகிற படகு இல்லை. சுமார் நான்கு மணி நேரம், பெரும்பாலும் குளிரூட்டிய அறைக்குள். பாக் நீரிணையின் கதை கொஞ்சமாவது தெரிந்திருந்தால்தான் அந்த வெறும் தண்ணீரில் பார்க்க ஏதாவது இருக்கும்.

காலம் பார்த்துப் போங்கள். 2023 அக்டோபர் 14இல் ஆரம்பித்த சேவை ஒரு வாரத்துக்குள் மழைக்காலத்தால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கடலை நம்பித் திட்டம் போடக் கூடாது; மாசி பிறந்த பிறகு போவதுதான் புத்தி. அப்போதும் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் லீவு கையில் இருக்கட்டும். கப்பல் காலையிலேயே கிளம்பிவிடும். நாமோ விருத்தாசலம், சிதம்பரம், மயிலாடுதுறை என்று பஸ் மாறி மாறிப் போகவேண்டும். முதல் நாளே நாகையில் தங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டும் இலங்கை அனுமதியும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கையில் இருக்க வேண்டும். பெட்டிக்கு எடை வரம்பு உண்டு. சொந்தக்காரருக்கு மலைத்தேன் பாட்டில் பாட்டிலாக வேண்டாம்.

வாந்தி விஷயத்தில் வீறாப்பு கூடாது. மலைப்பாதை வளைவுகளில் அசராதவர்கள்கூட இங்கே பாலித்தீன் பையைத் தேடுகிறார்கள். பஸ் ஒரு வளைவு முடிந்தால் நிமிரும், கப்பல் அசைந்துகொண்டே இருக்கும். ஏறுவதற்கு முன்பே மாத்திரை, வயிற்றுக்கு இரண்டு இட்லி, முன்வரிசையை விட்டு நடுவில் ஓர் இருக்கை. செல்போனைப் பார்க்காமல் தொடுவானத்தையே பாருங்கள். எனக்கு இது போதுமானதாக இருந்தது.

கப்பல் கிளம்பும் கடுவையாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் கலங்கிய டீ நிறம். வெளியே வரவரப் பச்சை, பிறகு நீலம். வலப்பக்கம் கோடியக்கரை இருக்கும் திசை. 1954இல் நவரத்தினசாமி என்ற யாழ்ப்பாணத்துக்காரர் வல்வெட்டித்துறையிலிருந்து அங்கே நீந்தியே வந்திருக்கிறார். குளிரூட்டிய இருக்கையில் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்ப்பது ஒரு தினுசாகத்தான் இருந்தது. தெற்கே தள்ளி, 1914 முதல் போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து அந்த வழியையும் முடித்து வைத்தது.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்தக் கடலுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மீன்பிடிப் படகுகளில் ராத்திரியோடு ராத்திரியாக இந்தக் கடலைத் தாண்டி வந்தன. முகாம்காரர்கள் யாரையாவது தெரிந்திருந்தால் கிளம்பும் முன் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகமும் அதற்கு ஈடாகாது.

கரை நெருங்கும்போது மலைநாட்டுக் கண்ணோடு தேடாதீர்கள். தூரத்திலேயே மலை தலைகாட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணக் கரை தட்டை. தண்ணீர் மட்டத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு, கொஞ்ச நேரத்தில் அது பனைமரங்களாகப் பிரிந்தது. பக்கத்து இருக்கை அம்மா இடப்பக்கம் கைகாட்டி, "தம்பி, அந்தப் பக்கம்தான் வல்வெட்டித்துறை. அன்னபூரணி கட்டின ஊர்" என்றார். அங்கே கட்டிய அந்தப் பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போயிருக்கிறது. இதற்காகவே இடப்பக்கச் சன்னலோரம் கேட்டு வாங்கலாம்.

இறங்கியதும் குடிவரவு வரிசை, பெட்டிச் சோதனை என்று நேரம் போகும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் இருக்கிறது. அதற்கு முன் பக்கத்திலேயே கீரிமலை. கடலோரக் கேணியில் குளிக்காமல் போகக் கூடாது. மாற்றுத்துணியை மட்டும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.