சிறு சக்கரமும் பெரும் பொறுப்பும்

நுழையும்முன்

புதிய ஊர்தி ஒன்று நகருக்குள் விரைந்து நுழைந்துவிடுகிறது. அதற்குரிய விதிகளும் ஒழுங்கும் பின்னரே வந்து சேர்கின்றன. அந்த இடைவெளியில் நேரும் இன்னல்களைப் பகிர்வு மின் ஸ்கூட்டரின் வரலாறு உணர்த்துகிறது.

நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரைத் திறன்பேசிச் செயலியின் வழியே வாடகைக்கு எடுத்து, சிறு தொலைவு சென்று, இறங்கிய இடத்திலேயே விட்டுச்செல்லும் முறை 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் சாந்தா மோனிகா நகரில் தொடங்கியது. மறு ஆண்டே அது பாரிஸ் நகரை அடைந்தது. புகையின்மையும் எளிமையும் இளைஞர்களை ஈர்த்தன.

விழுவது ஏன்?

சாலையின் சிறு பள்ளத்தை மிதிவண்டியின் பெரிய சக்கரம் எளிதில் கடந்துவிடும். ஸ்கூட்டரின் சிறு சக்கரமோ அதில் சிக்கிக்கொள்ளும். சக்கரம் நின்றாலும், நிலைமத்தின் காரணமாக ஓட்டுபவரின் உடல் முன்னோக்கியே செல்லும். நின்று ஓட்டுவதால் ஈர்ப்பு மையமும் உயர்ந்திருக்கும். எனவே, அவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழ நேர்கிறது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவர் இடரைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் ஐந்தரை மீட்டரைக் கடந்திருப்பார்.

காயங்கள் கூறும் உண்மை

தெற்குக் கலிபோர்னியாவின் இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு 2017 செப்டம்பர் முதல் ஓராண்டில் மின் ஸ்கூட்டர் விபத்துகளால் வந்த 249 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தலையில் காயமுற்றிருந்தனர். தலைக்கவசம் அணிந்திருந்ததாகப் பதிவான ஓட்டுநர்கள் பத்துப் பேர் மட்டுமே. நினைத்தவுடன் எடுக்கும் வாடகை ஊர்திக்காகத் தலைக்கவசத்தை எவர் சுமந்து திரிவார்? இவ்வசதியே இங்கு ஆபத்தாகிறது. மேலும், காயமுற்றோருள் 21 பேர் ஸ்கூட்டர் ஓட்டாதவர்கள். வண்டி மோதியும், நடைபாதையில் கிடந்த வண்டியில் இடறியும் அவர்களுட் பலர் வீழ்ந்தனர். பார்வையற்றோருக்கும் முதியோருக்கும் அவ்வாறு கிடக்கும் வண்டி எத்தகைய இடர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மக்கள் அளித்த தீர்ப்பு

பாரிஸ் நகரில் 2023 ஏப்ரல் 2 அன்று இதற்கெனப் பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்களித்தோர் நூற்றுக்கு எண்மருக்கும் குறைவே. எனினும், அவர்களுள் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டா என்றனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் அச்சேவை நிறுத்தப்பட்டது. சொந்த ஸ்கூட்டர்களுக்குத் தடையில்லை.

தனக்கு உரியதன்று என்னும் எண்ணம், ஊர்தியின் மீதுள்ள அக்கறையைக் குறைக்கலாம். பிறர் உயிரின் மீதுள்ள அக்கறையைக் குறைத்தல் ஆகாது. ஒருவர் ஏறுதல், தலைக்கவசம் அணிதல், நடைபாதையை நடப்போர்க்கே விடுதல் ஆகிய மூன்றும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்பவை அல்ல. சாலையைப் பகிர்ந்துகொள்வோரின் கடமைகள்.

கற்பவை கற்றபின்...

1. வாடகை ஸ்கூட்டரைத் தடைசெய்தல், நெறிப்படுத்துதல் ஆகியவற்றுள் எது சிறந்தது? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பள்ளிக்குச் செல்லும் வழியில் நடப்போர்க்கு உள்ள தடைகளைப் பட்டியலிடுக.