பேசும் பெட்டியும் குடும்ப ஜெபமும்



நம்மவர் வீடுகள் சிலவற்றில் இப்பொழுது மேசைமேல் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்கிறது. மணி கேட்டால் சொல்கிறது. பாட்டுப் போடச் சொன்னால் போடுகிறது. அமேசான் கம்பெனியார் 2014-ம் ஆண்டு அமெரிக்காவிலும், 2017-ம் ஆண்டு இந்தியாவிலும் வெளியிட்ட 'எக்கோ' என்னும் பெட்டி இவ்வகையில் பேர்பெற்றது. அதிலிருந்து பேசும் குரலுக்கு 'அலெக்சா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதை வீட்டில் அமைப்பது எப்படி, உபயோகிப்பது எப்படி, எந்த எல்லையில் நிறுத்துவது என்பதே இவ்வாரப் பாடம்.

புதிய கருவி என்றதும் பயப்பட வேண்டியதில்லை. 1931-ம் ஆண்டிலேயே பாப்பரசர் 11-ம் பத்திநாதர், மார்க்கோனி என்னும் விஞ்ஞானி அமைத்துக்கொடுத்த வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்தார். 12-ம் பத்திநாதர் 1957-ல் சினிமா, வானொலி, டெலிவிஷன் ஆகியவற்றைப்பற்றி உலக முழுவதற்கும் ஒரு நிருபம் எழுதினார். கருவியைத் திருச்சபை தள்ளுவதில்லை. அதைக் கையாளும் மனிதன் எப்படி ஆகிறான் என்றே கவனிக்கிறது.

1. பெட்டி எப்படிக் கேட்கிறது?

பெட்டிக்குள் மைக்குகள் உண்டு. மைக் நிறுத்தப்படாதவரையில், தன்னை எழுப்பும் பெயர் வருகிறதா என்று அது எந்நேரமும் காத்திருக்கும். பெயரைக் கேட்டவுடன் நீல விளக்கு எரியும். அதன்பின் நாம் பேசுவது இண்டர்நெட் வழியாகக் கம்பெனியாரின் கம்ப்யூட்டர்களுக்குப் போய், பதில் திரும்பி வருகிறது. ஆகவே மின்சாரமாவது இண்டர்நெட்டாவது நின்றுபோனால் கேள்விக்குப் பதில் வராது.

சில சமயம் வேறொரு சொல்லைத் தன் பெயரென்று நினைத்து விழித்துக்கொள்வதும் உண்டு. பதிவான பேச்சுகளில் சிலவற்றைச் சேவையைச் சீர்படுத்துவதற்காக ஊழியர்கள் கேட்டு ஆராய்கிறார்கள் என்பது 2019-ல் வெளிவந்தது. பிள்ளைகளின் குரல்பதிவுகளை நீண்டகாலம் வைத்திருந்ததாக அமெரிக்க அரசாங்கம் 2023-ல் தொடுத்த வழக்கில், அமேசான் கம்பெனியார் 2 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டனர். வீட்டுச் சம்பாஷணை வீட்டோடு நிற்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதை மனதில் வைப்பது அவசியம்.

2. அமைக்கும் விதம்

முதலில் செல்போனில் அலெக்சா செயலியை இறக்கி, கணக்கைத் திறக்கவும். பெட்டியை மின்சாரத்தில் செருகினால் சற்று நேரத்தில் ஆரஞ்சு விளக்கு சுழலும். பின்பு செயலி கேட்கிறபடி வீட்டு வைஃபையைத் தெரிந்தெடுத்து, அதன் கடவுச்சொல்லைக் கொடுக்கவும். இவ்வளவில் பெட்டி பேசத் தொடங்கும். ஆனால் அதோடு விட்டுவிடாமல், குடும்பத் தலைவர் இந்த நான்கையும் அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.

முதலாவது, பெயர். அலெக்ஸ் என்ற பெயர் நம் குடும்பங்களில் அநேகம். தாயார் மகனைச் சாப்பிடக் கூப்பிட, பெட்டி விழித்துக்கொள்ளும்! 'எக்கோ' போன்ற வேறு பெயரைச் செயலியில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கொள்முதல். குரலால் பொருள் வாங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். அல்லது இரகசிய எண் வையுங்கள். அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பெட்டியோடு பேசி, பொம்மை வீடும் பிஸ்கோத்தும் வரவழைத்துவிட்ட செய்தி 2017-ல் பிரசித்தமாயிற்று. டெலிவிஷனில் அச்செய்தியைச் சொன்னவரின் குரலைக் கேட்டு, தங்கள் வீட்டுப் பெட்டியும் பொம்மை வீடு வாங்கப் பார்த்ததாக நேயர்கள் சிலர் முறையிட்டார்கள்.

மூன்றாவது, பதிவுகள். குரல்பதிவுகளை 3 மாதத்துக்கொருமுறை தானாக அழிக்கும்படி செயலியில் கட்டளையிடலாம்.

நான்காவது, இடம். பெட்டியைப் பொதுக்கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். திரு இருதயப் படமும் விளக்கும் இருக்கும் பீடத்திலும் வேண்டாம். குடும்ப விஷயம் பேசும்போது மேலேயுள்ள மைக் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அப்போது அது கேளாது.

3. வயோதிகருக்கு உதவி

கண் மங்கிய பாட்டனார் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. வாயால் கேட்டால் போதும். மருந்து வேளையை நினைப்பூட்டும்படி சொல்லிவைக்கலாம். காலை 6, நண்பகல் 12, மாலை 6 மணிக்கு நினைப்பூட்டச் சொன்னால், கோயில் மணி கேளாத தூரத்திலுள்ள வீடுகளிலும் திரிகால ஜெபம் தவறாது. வெளியூர்ப் பிள்ளைகள் 'டிராப் இன்' வசதியால் பெரியவர் எழுந்து வராமலே அவரோடு பேசலாம்; ஆனால் அது கதவைத் தட்டாமல் உள்ளே வருவது போன்றதாகையால், பெரியவரின் சம்மதம் பெற்றே அமைக்கவேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆபத்து நேரத்தில் இப்பெட்டியை நம்பி இருக்கலாகாது. 108 எண்ணை அழைக்கத் தொலைபேசி பெரியவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

4. பிள்ளைகளின் நாவு

இனி இப்பாடத்தின் பிரதான விஷயத்துக்கு வருவோம். பெட்டி கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. அதை அதட்டலாம், பாதியில் நிறுத்தலாம்; அது வருந்தாது. இப்படி நாள்தோறும் பழகும் பிள்ளையின் நாவு, நாளடைவில் தாயாரிடமும், வீட்டில் வேலை செய்யும் அம்மாளிடமும் அதே தொனியில் பேசத் துணியும். 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட செயற்கை அறிவு பற்றிய ஏடும், இயந்திரத்தை ஓர் ஆள்போல் காட்டலாகாது என்றும், அது பிள்ளைகளின் மனித உறவுகளைப் பாதிக்கக்கூடும் என்றும் எச்சரிக்கிறது.

சுவிசேஷத்தில் வரும் நூற்றுக்கதிபதியை நினையுங்கள். போ என்றால் போகவும், வா என்றால் வரவும் அவருக்குச் சேவகர் இருந்தார்கள். ஆயினும் தம் ஊழியன் வியாதியாய்க் கிடந்தபோது, அவனுக்காகச் சேசுநாதரிடம் வந்து தாழ்ந்து மன்றாடினார். பூசையில் நன்மை வாங்குமுன் நாம் சொல்லும் ஜெபம் அவருடைய வார்த்தையிலிருந்தே வந்தது. கட்டளையிட அறிந்த நாவுக்கு மன்றாடவும் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுவே.

பெட்டி சொல்வதெல்லாம் உண்மையுமல்ல. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விளையாட்டுக்கு ஏதாவது சவால் கேட்டபோது, பாதி செருகிய மின்செருகியில் காசைத் தொடும்படி பெட்டி சொல்லிற்று. தாயார் அருகிலிருந்ததால் அபாயம் நேரவில்லை. கம்பெனியாரும் பிழையைத் திருத்தினார்கள். எனவே பெரியவர் இல்லாத வேளையில் பிள்ளைகளைப் பெட்டியிடம் விட்டுப்போகலாகாது. பாவம், புண்ணியம், வேதம் பற்றிய கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானோபதேச ஆசிரியரும் குருவானவருமே பதில் சொல்லவேண்டும்.

5. ஜெபமாலையைப் பெட்டி சொல்லலாமா?

பதிவுசெய்த ஜெபமாலையைப் போட்டு, தனியாயிருக்கும் நோயாளி கூடச் சொல்வது நல்லதே. அங்கே ஜெபிக்கிறவர் நோயாளி, பெட்டியல்ல. ஆனால் பெட்டி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, தகப்பனார் செல்போனிலும், தாயார் சமையலிலும், பிள்ளைகள் விளையாட்டிலும் இருந்தால், அந்த வீட்டில் ஜெபித்தவர் ஒருவருமில்லை. அருள் நிறைந்த மந்திரத்தைத் தகப்பனார் தொடங்க, பிள்ளைகள் முடிப்பதில் குரல் பிசகலாம், தூக்கம் வரலாம். ஆனாலும் பிள்ளை ஜெபிக்கக் கற்றுக்கொள்வது அந்தக் குரல்களிலிருந்துதான். அப்படியே பதிவுசெய்த பூசையைக் கேட்பதால் ஞாயிறு கடன் தீராது. வர இயலாத வியாதிக்காரருக்கு அக்கடன் இல்லை. அவர்களுக்கு நன்மை கொண்டுவரும்படி குருவானவரிடம் தெரிவியுங்கள்.

இவ்வாரப் பிரதிக்கினை: மாலை ஜெபம் தொடங்குமுன் வீட்டில் இளைய பிள்ளை எழுந்துபோய் மைக் பொத்தானை அழுத்திவிட்டு வரட்டும். அன்றைய முதல் பத்து மணியை அந்தப் பிள்ளையே தொடங்கட்டும்.

குடும்பத்தில் பேசவேண்டிய கேள்விகள்:

1. நம் வீட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் தொனி எப்படி இருக்கிறது?
2. வீட்டிலுள்ள பெரியவரோடு நாம் ஒருநாளைக்கு எவ்வளவு நேரம் பேசுகிறோம்? பெட்டி எவ்வளவு நேரம் பேசுகிறது?
3. குடும்ப ஜெபமாலையை இவ்வாரம் எத்தனை நாள் நம் சொந்தக் குரலில் சொன்னோம்?